கைலாசமும் ரத்தமும்

(தஞ்சை ஜில்லாவில் திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மலை நோய் என்பதும், அந்த நோயை ரத்தத்தைக் கொண்டு கண்டுபிடிக்கும் வழி என்ன என்பதுமாகும். மலையே இல்லாத ஊரில் வந்து மலை நோயைப் பற்றிப் பேசுகிறானே, இவனுக்கு வேறு விஷயம் அகப்படவில்லையா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதில் குற்றமில்லை. இந்தக் காவேரிப் பாய்ச்சல் பூமியில் கண்ணுக்கு எட்டிய மட்டும் உயரமானவை கோயில் கோபுரமும், தென்னை மரமும், வைக்கோல் போரும்தான். தஞ்சாவூர் பட்டணம்கூடக் கடல் மட்டத்துக்கு மேல் 200 அடி உயரம் இல்லை. கும்பகோணமும் மாயவரமும் அதிலும் தாழ்வு.

ஆனால் தோழர்களே, மலை நம்மிடம் வராவிட்டாலும் நம்முடையவர்கள் மலைக்குப் போகிறார்கள். இரண்டு விதமாகப் போகிறார்கள். வயிற்றுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்து லடாக்குக்கும் சியாசின் பனிக்கும் போகிறவர்கள் ஒரு விதம். மோட்சத்துக்காகக் கைலாசத்துக்கும் அமர்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் போகிறவர்கள் மற்றொரு விதம். போகிற காரணம் வேறானாலும் மூச்சு விடுகிற மூக்கு ஒன்றுதான். ஆகவே அந்த உயரத்திலே மனித உடம்புக்கு என்ன நேருகிறது என்பதை இந்தப் பள்ளத்தில் இருக்கிற நாமும் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமாகும்.

அப்பர் கதை

இந்தப் பக்கத்தாருக்குக் கைலாசக் கதை புதிதல்ல. திருநாவுக்கரசர் என்னும் அப்பர் கைலாசத்தைக் காண வடக்கே நடந்தாராம். கால் தேய்ந்து போயிற்றாம். கையை ஊன்றித் தவழ்ந்தாராம். கையும் தேய்ந்து போக மார்பினால் ஊர்ந்தாராம். பிறகு புரண்டாராம். கடைசியில் அசையவும் மாட்டாமல் கிடந்தாராம். அப்பொழுது முனிவர் வேஷத்தில் பரமசிவன் வந்து, மனித சரீரத்தோடு கைலாசத்துக்குப் போக முடியாது, திரும்பிப் போ என்றாராம். அப்பர் கேட்கவில்லை. முடிவில் அங்கே இருந்த ஒரு குளத்தில் முழுகச் சொல்ல, அங்கே முழுகினவர் இங்கே திருவையாற்றுக் குளத்தில் எழுந்தாராம். இதனால்தான் திருவையாற்றைத் தென்கைலாசம் என்கிறார்கள்.

அந்தக் குளத்துக்கும் இந்தக் குளத்துக்கும் உள்ளே வழி இருக்கிறதா என்று நாம் இப்பொழுது கேட்கப் போவதில்லை. நாம் கேட்பது வேறு. மனித சரீரத்தோடு அங்கே போக முடியாது என்று கதையில் முனிவர் சொல்லுகிறாரே, ஏன் முடியாது என்று இத்தனை நூற்றாண்டாக இந்தக் கதையைக் கேட்டவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? முடியாது என்றவுடன் கையைக் கூப்பிவிட்டார்கள். ஏன் முடியாது என்று கேட்டவர்கள்தான் மலை நோயைக் கண்டுபிடித்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மலை நோய்க்கு இன்றைக்கும் முதல் மருந்து கீழே இறக்கிவிடுவதுதான். 15,000 அடிக்கு மேல் கிடந்தவரை 200 அடிக்குள் இருக்கிற திருவையாற்றுக்கு ஒரே முழுக்கில் கொண்டுவந்துவிட்ட புராணக்காரர், தமக்குத் தெரியாமலே சரியான வைத்தியத்தை எழுதிவிட்டார். ஆனால் வைத்தியம் இன்னதென்று தெரியாததால் அதை அற்புதம் என்றார்.

காற்றின் சங்கதி

உயரத்தில் என்ன குறைகிறது? பிராணவாயுவின் விகிதம் குறைகிறது என்று படித்தவர்களிலும் பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. காற்றில் 100க்கு 21 பங்கு பிராணவாயு என்பது இங்கேயும் அதேதான், கைலாசத்திலும் அதேதான். குறைவது காற்றின் அழுத்தம்.

உங்கள் களத்திலுள்ள வைக்கோல் போரைப் பாருங்கள். அடியில் கையை விட்டு ஒரு பிடி இழுத்தால் மேலே உள்ள பாரத்தால் அமுங்கி இறுகியிருக்கும். ஒரு பிடியில் நிறையத் தாள் வரும். உச்சியில் ஒரு பிடி எடுத்தால் பொலபொலவென்று நாலு தாள்தான் வரும். இரண்டும் ஒரே வைக்கோல்தான், பிடியும் ஒரே கைப்பிடிதான். காற்றும் ஒரு பெரிய போர். நாம் அதன் அடியில் குடியிருக்கிறோம். லடாக்கிலுள்ள லே பட்டணம் சுமார் 11,500 அடி. அங்கே காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 18,000 அடியில் சரி பாதி. கைலாசத்தைச் சுற்றி வருகிறவர்கள் தாண்ட வேண்டிய டோல்மா கணவாய் 18,000 அடிக்கும் மேல். அதாவது அங்கே ஒரு மூச்சு இழுத்தால் நமக்கு இங்கே கிடைப்பதில் பாதிப் பிராணவாயுகூடக் கிடைக்காது. பக்தன் இழுத்தாலும் அப்படியே, நாஸ்திகன் இழுத்தாலும் அப்படியே.

இதனால் மேலே போன முதல் சில நாட்களில் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை ஆகியவை வருவதுண்டு. சிலருக்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். இது அவசர நோய். அதற்கு அடையாளம் கண்ணுக்குத் தெரியும், மனிதன் படுத்துவிடுகிறான்.

நாம் இன்று முக்கியமாகப் பேச வந்தது அது அல்ல. வருஷக்கணக்காக உயரத்தில் வாழ்கிறவர்களுக்கு மெல்ல மெல்ல வருகிற நீடித்த மலை நோயைப் பற்றியதாகும். இது பெரும்பாலும் 8,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில் வருவது. நமது உதகமண்டலம் 7,350 அடி. ஆதலால் தமிழ்நாட்டு மலைவாசிகளுக்கு இந்தப் பயம் இல்லை. உலகத்தில் அந்த உயரத்துக்கு மேல் குடியிருப்பவர்கள் சுமார் 8 கோடிப் பேர்.

வண்டி அதிகமானால் தெரு அடைபடும்

உயரத்தில் காற்றுக் குறைந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. ரத்தத்திலே சிவப்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இரும்புச் சத்துள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள் இருக்கிறது. அதுதான் நுரையீரலிலிருந்து பிராணவாயுவைச் சுமந்துகொண்டு போய் உடம்பெங்கும் இறக்குகிறது. பிராணவாயு போதவில்லை என்பதைச் சிறுநீரகம் அறிந்துகொள்கிறது. அது எரித்ரோபொயட்டின் என்னும் ஒரு ரசத்தை ரத்தத்தில் அனுப்புகிறது. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், இன்னும் சிவப்பணு செய் என்று உத்தரவு போடுகிறது. பிராணவாயு குறைந்ததை அணுக்கள் எப்படி அறிகின்றன என்ற சூட்சுமத்தைக் கண்டுபிடித்ததற்காகக் கேலின், ராட்கிளிஃப், செமன்ஸா என்ற மூவருக்கு 2019ஆம் வருஷத்து நோபல் பரிசு கிடைத்தது.

அறுப்புக் காலத்தில் ஒரு வண்டிக்குப் பத்து மூட்டை ஏற்றினால் பத்து வண்டி போதும். ஐந்து மூட்டைதான் ஏறுகிறது என்றால் இருபது வண்டி வேண்டும். உடம்பும் அப்படித்தான் வண்டியைக் கூட்டுகிறது. இது நல்ல யுக்திதான். ஆனால் சில பேருடைய உடம்பில் இந்த உத்தரவு நிற்பதே இல்லை. இருபது வண்டி வேண்டிய இடத்தில் நாற்பது வண்டி வந்து சந்தை நாள் தெருப்போல அடைத்துக்கொள்கிறது. சாதாரணமாக ரத்தத்தில் அணுக்களின் பங்கு 100க்கு 45 இருக்கும். இந்த நோயாளிகளுக்கு 60க்கு மேல் போய்விடுகிறது. ரத்தம் பாகு போலக் கெட்டியாகிறது. இருதயம் அதைத் தள்ள முடியாமல் தள்ளுகிறது. தலைவலி, தலைச்சுற்றல், காது இரைச்சல், மூச்சுத் திணறல், படபடப்பு, தூக்கமின்மை, கைகால் எரிச்சல், உதடும் விரல் நுனியும் நீலம் பாய்தல், நரம்பு புடைத்தல் ஆகிய இவைதான் அடையாளங்கள். கவனியாமல் விட்டால் இருதயம் வீங்கி மனிதன் சாகிறான்.

கேட்டவர்களின் சரித்திரம்

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒரு நாளில் அல்ல. ஒரு மகான் கனவிலும் அல்ல. மலையில் வருகிற இந்தத் தொல்லைக்கு மெல்லிய காற்றே காரணமாயிருக்க வேண்டும் என்று 1590இல் எழுதியவர் அகோஸ்டா என்னும் ஒரு ஸ்பானியப் பாதிரியார். பாதிரியாராயிருந்தும், பெருவின் மலையில் தமக்கு வந்த வாந்தியைச் சாத்தானின் வேலை என்று சொல்லாமல் காற்றைச் சந்தேகித்தாரே, அதை நாம் மெச்ச வேண்டும். 1878இல் பால் பெர் என்னும் பிரெஞ்சு சாஸ்திரி, காரணம் பிராணவாயுக் குறைவே என்று சோதனை செய்து ருஜுப்படுத்தினார். 1890இல் வியோ என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர், பெரு தேசத்து மலைக்குப் போனவுடன் தமது ரத்தத்திலே சிவப்பணு பெருகுவதை எண்ணிப் பார்த்து வெளியிட்டார். 1925இல் அதே பெரு தேசத்து டாக்டர் கார்லோஸ் மோங்கே, செர்ரோ தே பாஸ்கோ என்னும் 14,000 அடி உயரச் சுரங்க ஊரிலிருந்து வந்த ஒரு நோயாளியைப் பற்றி வைத்திய சபைக்கு எடுத்துச் சொன்னார். அந்த மனிதன் மலையில் ரத்தம் மிகுந்து வாடினான். கடற்கரைக்கு இறங்கியதும் தேறினான். இன்றைக்கும் இந்த வியாதிக்கு மோங்கே நோய் என்றே பெயர்.

இதிலே நாம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அதற்குச் சில வருஷங்களுக்கு முன் 1921–22இல் பார்கிராஃப்ட் என்னும் பெரிய ஆங்கில விஞ்ஞானி அதே ஊருக்குப் போய்ச் சில காலம் தங்கிவிட்டு, உயரத்தில் வாழ்கிற எல்லோருமே உடலிலும் புத்தியிலும் குறைந்தவர்கள் என்ற கருத்துப்பட எழுதிவிட்டார். மோங்கே அதை ஒத்துக்கொள்ளவில்லை. மலைவாசிகளில் பெரும்பாலோர் சுகமாக உழைக்கிறார்கள், நோய் சிலருக்குத்தான் வருகிறது, அந்தச் சிலரைப் பிரித்தறிவதுதான் வைத்தியன் வேலை என்பது அவர் கட்சி. அதாவது ஒரு கூட்டத்தையே பிறவியிலே தாழ்ந்தது என்று தள்ளுவதா, நோய்ப்பட்டவன் யார் என்று ஒவ்வொருவனையும் சோதித்துப் பார்ப்பதா என்பதுதான் சண்டை. முன்னது சோம்பேறியின் வழி; நம் நாட்டில் அது வெகு காலமாக நடந்துவருகிறது. பின்னதே அறிவின் வழி. ரத்தத்தில் அடையாளம் தேடுகிற வேலைக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

எந்த அடையாளம்?

அப்படியானால் ரத்தத்தில் எதைப் பார்ப்பது? 2004இல் சீன தேசத்தைச் சேர்ந்த சிங்காய் மாகாணத்தில் பல தேசத்து வைத்தியர்கள் கூடி ஒரு கணக்குக்கு வந்தார்கள். ஒரு டெசிலிட்டர், அதாவது ஒரு லிட்டரில் பத்தில் ஒரு பங்கு ரத்தத்தில், ஆணுக்கு 21 கிராம் ஹீமோகுளோபினும், பெண்ணுக்கு 19 கிராமும், அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது மிகை என்றார்கள். நாம் முன்னே சொன்ன அடையாளங்களுக்கும் மதிப்பெண் போட்டு, இரண்டையும் கூட்டிப் பார்த்து நோயின் கடுமையைத் தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாசிகளில் 100க்கு 5 முதல் 10 பேர் வரை இந்த நோய்க்கு ஆளாவதாகக் கணக்கு.

இந்த எண்ணை நம் ஊரோடு ஒத்துப் பாருங்கள். 13க்குக் கீழே போனால் ஆணுக்கும், 12க்குக் கீழே போனால் கர்ப்பமில்லாத பெண்ணுக்கும் சோகை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. 2019–21இல் சர்க்கார் எடுத்த குடும்ப நலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் சோகை. நடவு நடுகிற தாய்மார்களே, உங்களுக்கு ரத்தம் போதவில்லை. அந்த மலைச் சுரங்கத்துக்காரனுக்கு ரத்தம் மிஞ்சிப்போகிறது. இரண்டு பேருக்கும் தலைச்சுற்றல், இரண்டு பேருக்கும் மூச்சிரைப்பு. வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதான். மந்திரிக்கிறவன் இரண்டு பேருக்கும் ஒரே கயிற்றைத்தான் கட்டுவான். இரண்டும் நேர் எதிர் நோய் என்று சொல்லுவது ஒரு சொட்டு ரத்தம்தான்.

ஆனால் ஹீமோகுளோபின் ஒன்றே போதுமா? போதாது. அது ஏன் போதாது என்பதைச் சொல்லாமல் விட்டால் நாமும் ஒரு புது ஜோசியத்தைப் பரப்பியவர்களாவோம். புகை பிடிக்கிறவனுக்கும், நுரையீரல் கெட்டவனுக்கும்கூட அது ஏறும். 20 இருந்தும் தொல்லையில்லாமல் இருப்பவனும் உண்டு, அதற்குக் குறைந்திருந்தும் துன்பப்படுகிறவனும் உண்டு. அதே செர்ரோ தே பாஸ்கோவில் ரத்தம் மிகுந்தவர்கள் சிலருடைய ரத்தத்திலே கோபால்ட் என்னும் உலோகம் அதிகமாயிருந்ததாக 2002இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கோபால்ட் சிவப்பணுவைப் பெருக்கக்கூடியது. அது சுரங்க ஊர். ஆகவே குற்றமெல்லாம் மலையின் மேல்தானா, சுரங்க முதலாளியின் மேலும் கொஞ்சம் உண்டா என்று கேட்க ரத்தப் பரிசோதனை இடம் கொடுத்துவிட்டது.

ஆதலால் இன்னும் நுட்பமான அடையாளங்களைத் தேடுகிறார்கள். நாம் முன்னே சொன்ன எரித்ரோபொயட்டின் என்னும் உத்தரவு எவ்வளவு ஓடுகிறது, அந்த உத்தரவை வழியிலேயே பிடித்து அடக்குகிற மற்றொரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார்கள். நோயாளிகளிடம் அடக்குகிறது குறைந்து, உத்தரவு மிஞ்சி நிற்பதாகக் கண்டிருக்கிறார்கள். ஆண் தன்மைக்குரிய டெஸ்டோஸ்டெரோன் என்னும் ரசத்தை அளந்து பார்க்கிறார்கள். இருதயம் கஷ்டப்படும்போது அது ரத்தத்தில் விடுகிற புரதத்தை அளக்கிறார்கள். செனப்-1 என்னும் ஒரு ஜீனுக்கு இதில் சம்பந்தம் உண்டென்று 2013இல் ஆண்டீஸ் மக்களிடம் கண்டார்கள். இவற்றில் எந்த ஒன்றையும் பார்த்தமாத்திரத்தில், இன்னாருக்கு நோய் வரும், இன்னாருக்கு வராது என்று அடித்துச் சொல்லும் நிலைமை இன்னும் வரவில்லை. வராததை வரவில்லை என்று சொல்லுவதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை. நாடி ஜோசியன் என்றைக்காவது, உன் ஏடு எனக்கு விளங்கவில்லை, காசைத் திருப்பி எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறானா?

சிப்பாயும் இந்த நோயும்

நம் தேசத்திலே இந்த விஷயம் அவசரமானது 1962இல் சீனாவோடு சண்டை வந்தபோதுதான். கடல் மட்டத்து ஊர்ப் பிள்ளைகளைத் திடீரென்று பனி மலைக்கு ஏற்றினார்கள். துப்பாக்கிக் குண்டு படாமலே சிப்பாய்கள் விழுந்தார்கள். பட்டாளத்து டாக்டர் இந்தர் சிங்கும் அவர் கூட்டாளிகளும் 1,925 சிப்பாய்களைக் கவனித்து, உடனே வருகிற மலை நோயைப் பற்றி 1969இல் வெளியிட்டது உலக வைத்தியர்களெல்லாம் எடுத்துக்காட்டுகிற ஆராய்ச்சியாயிற்று. 1962இலேயே ராணுவத்துக்கென்று உடலியல் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்றும் ஏற்பட்டு, உயரத்தில் உடம்பு படும் பாட்டை இன்றளவும் ஆராய்ந்து வருகிறது.

பிறகு 1990இல் இந்தர் ஆனந்த் முதலிய வைத்தியர்கள் மற்றொன்றைக் கண்டு சொன்னார்கள். 19,000 அடிக்கும் 22,000 அடிக்கும் நடுவே சுமார் பத்து வாரத்துக்கு மேல் நிறுத்திவைக்கப்பட்ட 21 இளம் சிப்பாய்களுக்குக் கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, இருதயத்தின் வலது பக்கம் பெருத்துவிட்டது. உயரத்துக்குப் பழகிவிட்டார்கள், இனிப் பயமில்லை என்று நினைத்தவர்களுக்கே இப்படி! கீழே இறக்கியதும் சில மாதங்களுக்குள் தேறிவிட்டார்கள். மறுபடியும் அதே மருந்துதான் என்பதைக் கவனியுங்கள்.

இப்பொழுது நம் ஊர்க் கதைக்கு வருவோம். இந்தத் தெருவிலிருந்து ஒரு பையன் பட்டாளத்தில் சேர்ந்து லடாக்கில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தூக்கமில்லை, தலை கனக்கிறது, முகம் கறுத்துச் சிவந்திருக்கிறது என்று டெலிபோனில் சொல்லுகிறான். தாயார் என்ன செய்வாள்? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஏழரை நாட்டுச் சனி என்பான் ஜோசியன். திருநள்ளாற்றுக்கு ஒரு நடை, எள் தீபம், பரிகாரம், தட்சணை. அங்கே பையனுடைய ரத்தம் நாளுக்கு நாள் கெட்டியாகிக்கொண்டே போகும். அவன் செய்ய வேண்டியது, பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போய், என் ஹீமோகுளோபின் என்ன என்று கேட்பதுதான். தாயார் செய்ய வேண்டியது, போனாயா, என்ன எண் வந்தது என்று மறுநாளும் கேட்பதுதான். இதற்குத் தட்சணை கிடையாது. ஆனால் அந்த எண் பையனுக்குச் சாட்சி. சோம்பேறி, பயந்தாங்கொள்ளி, வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று மேலதிகாரி சொன்னால், இல்லை ஐயா, என் ரத்தமே சொல்லுகிறது, என்னைக் கீழே அனுப்புங்கள் என்று கேட்பதற்கு அவன் கையிலே ஆதாரம் வேண்டாமா? ஏழையின் வார்த்தையை யாரும் நம்பாத உலகத்தில், சோதனைக் காகிதம் அவனுக்காகப் பேசும்.

தீட்டு என்றது காப்பாற்றுகிறது

தாய்மார்களே! பெண்களுக்கு அளவு 19, ஆண்களுக்கு 21 என்றோமே, அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. மாதவிலக்கு நிற்பதற்கு முந்திய வயதுப் பெண்களுக்கு இந்த நீடித்த மலை நோய் மிகவும் குறைவு. அது நின்றபிறகு அவர்களுக்கும் அதிகமாக வருகிறது. மாதாமாதம் ரத்தம் வெளியேறுவது ஒரு காரணம். பெண்களுடைய உடம்பில் சுரக்கும் ரசங்கள் மூச்சை ஆழமாக விடும்படி தூண்டுவது மற்றொரு காரணம். எதைத் தீட்டு என்று மூலையில் உட்கார வைத்தார்களோ, எதைக் காட்டிக் கோயிலுக்குள் வராதே, அடுப்பைத் தொடாதே என்றார்களோ, அதுவே மலை உச்சியிலே பெண்ணின் உயிரைக் காக்கிற கவசங்களில் ஒன்றாயிருக்கிறது. சாஸ்திரம் எழுதினவர்கள் ஒரு தடவையாவது ரத்தத்தைச் சோதித்துப் பார்த்திருந்தால் இந்தப் பாவத்தைச் செய்திருப்பார்களா?

சுத்த ரத்தம்

சுத்த ரத்தம், உயர்ந்த ரத்தம் என்று பேசுகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. திபெத்துக்காரர்கள் 13,000 அடிக்கு மேல் ஆயிரக்கணக்கான வருஷங்களாக வாழ்கிறவர்கள். அவர்களுடைய ஹீமோகுளோபின் அதே உயரத்திலுள்ள ஆண்டீஸ்காரர்களைவிடக் குறைவு. நீடித்த மலை நோயும் அவர்களுக்கு அபூர்வம். காரணம் என்ன? சிவப்பணு செய்யும் உத்தரவை மிதமிஞ்சிப் போகாமல் பிடித்து வைக்கிற ஒருவித ஜீன் அவர்களிடம் இருப்பதாக 2010இல் கண்டார்கள். அந்த ஜீன் எங்கிருந்து வந்தது? டெனிசோவர் என்னும், இன்று பூண்டற்றுப் போன வேறொரு பழைய மனித வகையோடு அவர்களுடைய மூதாதையர் கலந்ததால் வந்தது என்று 2014இல் தெரிந்தது. கலப்புத்தான் அவர்களைக் காப்பாற்றியது! கலந்தால் கெட்டுப்போகும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்? ஹீமோகுளோபின் கருவியில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் இவன் எந்த உயரத்தில் வசித்தான், என்ன தின்றான், என்ன நோய்ப்பட்டான் என்பதை ஊகிக்கலாம். எந்த ஜாதி என்பது மாத்திரம் அதில் வராது.

செய்ய வேண்டியது

சிலர், எத்தனையோ பேர் கைலாசம் போய்ச் சுகமாகத் திரும்பினார்களே, அதெல்லாம் ஈசன் அருளல்லவா என்று கேட்கலாம். ஈசன் அருள் இருக்கும்போது சர்க்கார் ஏன் யாத்திரைக்காரர்களை டில்லியில் வைத்திய சோதனை செய்து, மேலே குஞ்சியில் மறுபடியும் சோதித்து, தகுதியில்லாதவர்களைத் திருப்பி அனுப்புகிறது? 2020இலிருந்து நின்றுபோயிருந்த அந்த யாத்திரை 2025இல் மறுபடி துவங்கியபோதும் இந்தச் சோதனைகளோடுதான் துவங்கியது. நம்மவர்கள் செத்துப்போனவரைக் கைலாச பதவி அடைந்தார் என்று சொல்லுவது வழக்கம். சோதனையில்லாமல் அவசரமாக மேலே ஏறினால் அந்த வார்த்தை பலித்துவிடும் என்பதுதான் நாம் சொல்லுவது.

ஆகவே தோழர்களே, சுருக்கமாகச் சொல்லுகிறோம். மலைக்குப் போகிறவர் எந்தக் காரணத்துக்காகப் போனாலும் சரி, போகுமுன் இருதயத்தையும் ரத்தத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரே மூச்சில் ஏறாமல் இடையிடையே தங்கி ஏற வேண்டும். தலைவலியோடு மேலே ஏறக்கூடாது. தொல்லை மிஞ்சினால் உடனே இறங்க வேண்டும். வருஷக்கணக்காக உயரத்தில் வேலை செய்கிறவர் ஹீமோகுளோபினை அடிக்கடி பார்த்து, எண்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை பார்த்த எண்ணைவிட, ஏறிக்கொண்டே போகிற எண்தான் பேசும். கொரோனாக் காலத்தில் விரல் நுனியில் மாட்டிப் பார்த்தோமே, அந்தக் கருவி பிராணவாயு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மாத்திரம் காட்டும். சிவப்பணு மிஞ்சிவிட்டதா என்பதைக் காட்டாது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விடக்கூடாது. ரத்தத்தைக் கொஞ்சம் வெளியேற்றினால் நோய்க்குத் தற்கால சாந்தி உண்டு. ஆனால் அடிக்கடி எடுத்தால் உடம்பில் இரும்புச் சத்து வற்றும், காரணமும் நீங்காது. அசெட்டஸோலமைட் என்னும் மாத்திரை பயன்படுவதாக செர்ரோ தே பாஸ்கோவில் செய்த சோதனை 2005இல் வெளியாயிற்று. அதையும் டாக்டரைக் கேளாமல் விழுங்கக்கூடாது. கீழே இறங்குவதே நிச்சயமான பரிகாரம்.

இறங்கச் சொல்லுவது சுலபம். பிழைப்பு மேலே இருக்கிறவனுக்கு இறங்குவது சுலபமல்ல என்பது நமக்குத் தெரியும். சுரங்கத்துக்காரனுக்குக் கூலி அங்கே, சிப்பாய்க்குச் சம்பளம் அங்கே. அதனால்தான் யாருக்கு நோய் வரும் என்பதை முன்கூட்டியே ரத்தத்தில் காண வேண்டும் என்கிறோம். முன்கூட்டித் தெரிந்தால் அந்த ஒருவனை மாத்திரம் காலத்தில் இறக்கி, வேறு வேலை கொடுத்துக் காப்பாற்றலாம். ஆனால் ஜாக்கிரதை! அதே அடையாளத்தைக் கொண்டு, உன் ரத்தம் சரியில்லை, உனக்கு வேலையே இல்லை போ என்று முதலாளி விரட்டவும் கூடும். கருவி யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஆதலால் சோதனையின் முடிவு முதலில் ரத்தம் கொடுத்தவனுக்குத் தெரிய வேண்டும். அவனுக்கு விளங்குகிற பாஷையில் தெரிய வேண்டும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டு ஜாதகங்களெல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கும். ஒவ்வொருவர் பிறந்த நாழிகையும் தெரியும். வீட்டிலுள்ளவர்களின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒருவருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பார்த்து, அந்த ஜாதகத்தின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அந்தக் காகிதம் முதல் தடவையாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டதாக இருக்கட்டும்.